எண்ணிக்கை அக்காவின் பதினெட்டாவது சாமான்

மாலை நான்கு மணி. இன்ஜினை முறுக்கிவிட வேண்டும். அரை மணி நேரம் ஓட வேண்டும். அடியில் விரித்த வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு ஈரம்கூட விழக் கூடாது. விழுந்தால் மோட்டார் சைக்கிள் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக நாத்தனாரின் பழைய ஸ்கூட்டர் இந்த வீட்டுக்கு வாழ வந்துவிடும்.

அந்த ஸ்கூட்டர் கிரீம் நிறம். முன்னால் ஒரு கூடை. கூடையின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூ. எத்தனையோ வயிறுகள் திறந்து மூடப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அக்கா. அந்தப் பூவை மட்டும் அவளால் ஒரு நிமிஷம் பார்க்க முடியாது.

அக்கா என்றால் ஆஸ்பத்திரிக்கே அக்கா. ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். முழுப் பட்டம் எண்ணிக்கை அக்கா. அது வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதமே கிடைத்த பட்டம். பெரிய டாக்டர் ஒருவர் அவசரமாக ஒரு வயிற்றைத் தைத்து மூடப் போனார். இருபது பஞ்சுத்துணி உள்ளே போயிருந்தது, பத்தொன்பதுதான் வெளியே வந்திருந்தது. "ஒண்ணு குறையுது டாக்டர்" என்றாள். "உனக்கு எண்ணத் தெரியல" என்றார் அவர். அவள் ஊசியையும் நூலையும் தட்டோடு தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் எல்லோரும் தேடினார்கள். கடைசியில் அந்தத் துணி டாக்டரின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஓய்வு பெறும்வரை அவளை மன்னிக்கவில்லை. வயிற்றில் இருந்தால் என்ன, செருப்பில் இருந்தால் என்ன, எண்ணிக்கை எண்ணிக்கைதான் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு மோட்டார் சைக்கிளோடு வீட்டுக்கு வந்து நின்றாள். தண்ணீரால் இன்ஜினைக் குளிர்விக்கும் ரகம். கறுப்பு நிறம். கன்றுக்குட்டி கனம் இல்லை, எருமை கனம். தெருவே வாயைப் பிளந்தது. கணவர் வாயைத் திறக்கவே இல்லை. அவர் நூலகர். முப்பது வருஷமாக உதட்டில் விரல் வைத்தே சம்பாதித்த மனிதர். அவர் வாழ்க்கையில் மூன்று விஷயங்களுக்குப் பயந்தார்: சத்தம், வேகம், மனைவி. இப்போது மூன்றும் ஒரே சீட்டில் ஏறி உட்கார்ந்து வாசலைக் கடந்து போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நேர்வழியில் வந்தால் ஒன்பது நிமிஷம். அக்கா ஏரிக்கரையைச் சுற்றி வருவாள், இருபது நிமிஷம். கூடுதலான அந்தப் பதினொரு நிமிஷத்தில் அவள் எதையும் எண்ணுவதில்லை. கத்தரியை எண்ணுவதில்லை, ஊசியை எண்ணுவதில்லை, வயதை எண்ணுவதில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கணக்கு வைத்துவிடுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்தச் சனியன் பிடித்தது. இன்ஜினுக்கு அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சொட்டியது பின் சக்கரத்தில் பட்டது, சக்கரம் வாசல் சரிவில் வழுக்கியது. கணவரின் கண்ணெதிரே அக்கா வண்டியோடு சாய்ந்தாள். முழங்கை சிராய்ந்ததோடு சரி. ஆனால் நூலகர் அன்று குழந்தைபோல் அழுதார். காயம்பட்டவள் எழுந்து வந்து காயம்படாதவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார்.

"ரெண்டு பேருமே பழசுதான். ரிப்பேர் பண்ணிப் பாக்கலாம்" என்றாள் அக்கா.

அப்படிப் பிறந்ததுதான் நான்கு மணி ஒப்பந்தம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு பலகையைப் போட்டு வண்டியை ஹாலுக்குள் ஏற்றினாள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே அது நின்றது. வெளியே தூசி, தூசியில் யாரும் ஆபரேஷன் செய்வதில்லை. ஜன்னலைச் சாத்தினாள், கையை முழங்கைவரை கழுவினாள், தரையில் பச்சைத்துணி விரித்தாள். நூலகருக்குப் பழைய காலண்டர் தாளும் பேனாவும் தந்தாள்.

"எண்ணிக்கைக்கு ரெண்டு வாய் வேணும். நான் சொல்றதை நீங்களும் திருப்பிச் சொல்லி எழுதணும். ஒருத்தர் மட்டும் எண்ணினா அது எண்ணிக்கை இல்ல, வெறும் நம்பிக்கை."

"நான் ரெண்டாவது வாயா?"

"இந்த வீட்டுல எப்பவும் நீங்க ரெண்டாவது வாய்தானே."

தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் இருந்த இடம் இன்ஜினின் வலது பக்கம், ஒரு கைக்குள் அடங்கும் உருண்டை. அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. டார்ச் அடித்துப் பார்த்த அக்கா அப்படியே நிமிர்ந்தாள். துளை வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தது.

"என்னங்க இது?"

நூலகர் காலண்டர் தாளைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். "டைல்ஸ் இடுக்குக்குப் பூசற பேஸ்ட். தங்கச்சி மாப்பிள்ளை குடுத்தாரு. போன வாரம் நீ தூங்கறப்ப அடைச்சேன். ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"ஆச்சரியமாத்தான் இருக்கு. வடியிற புண்ணை மேல தைச்சு மூடினா என்ன ஆகும்?"

"ஆறிடும்?"

"சீழ் உள்ள போகும்! இது ஓட்டை இல்லைங்க, புகார்ப் பெட்டி. உள்ள ஒரு சீல் இருக்கு. ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் எண்ணெய். சீல் தேஞ்சா தண்ணி இந்தத் துளை வழியா வெளிய வந்து நம்மகிட்ட சொல்லும். இதை அடைச்சா நேரா எண்ணெயில போய்க் கலக்கும். அப்புறம் இன்ஜினுக்கு மாலைதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "உங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? லைப்ரரி புகார்ப் பெட்டி மேல பூந்தொட்டி வெச்ச ஆளு."

எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் டார்ச் அடித்தாள். எண்ணெய் பால் ஊற்றிய டீபோல் வெளுக்கவில்லை. தப்பித்தது. வெள்ளைப் பேஸ்டைக் குத்தி எடுத்ததும் துளை பச்சைப் பச்சையாக வடித்தது. அடைத்து வைத்திருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. அதன்பிறகு ரேடியேட்டர் தண்ணீரைப் பேசினில் இறக்கினாள். வேலை தொடங்கியது.

"மூடி போல்ட், நாலு."

"நாலு."

"மூடி, ஒண்ணு. மூடி வளையம், ஒண்ணு."

"ஒண்ணு, ஒண்ணு."

காற்றாடி மாதிரி ஒரு சின்னச் சக்கரம், அதன் போல்ட், போல்டுக்கு அடியில் மெல்லிய வாஷர், குழாய்க் கவ்விகள் இரண்டு, இன்னும் சில சில்லறைச் சாமான்கள் என ஒவ்வொன்றாகப் பச்சைத்துணியில் வரிசையாய் வந்து படுத்தன. மொத்தம் பதினேழு. நூலகர் அழகான கையெழுத்தில் பதினேழு என்று எழுதி அடிக்கோடும் போட்டார். தேய்ந்த சீலும் பழைய வளையங்களும் தனிக் கிண்ணத்துக்குப் போயின, மூடி வளையத்தின் இடத்தில் புதுசு வந்து படுத்தது.

புதுச் சீலை இறக்குவதுதான் உயிர்நிலை. நூலளவு சாய்ந்தாலும் போச்சு. அக்கா சோப்புத் தண்ணீர் தடவி, சீலின் வட்டத்துக்குச் சரியாக உட்காரும் இரும்புக் குழாயை மேலே வைத்து, சுத்தியலால் தட்டினாள். குழந்தையைத் தூங்க வைக்கத் தட்டும் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நூலகர் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்குச் சீல் உட்கார்ந்தது. அக்கா கையைக் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். கிரீஸ் போக அவளுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது.

அந்த ஐந்து நிமிஷத்தில் நூலகர் ஹாலில் இல்லை. திரும்பி வந்தபோது அவருக்கு ஏன் அப்படி வியர்த்திருந்தது என்று அக்கா கேட்கவும் இல்லை.

ஒன்றரை மணிக்குக் கடைசிப் போல்டை முறுக்கிவிட்டு அக்கா பச்சைத்துணியைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

துணியில் ஒரு மெல்லிய வாஷர் மிச்சம் இருந்தது.

"வாஷர் எத்தனை எழுதியிருக்கீங்க?"

"அந்தச் சக்கரத்துக்கு அடியில இருந்தது... ஒண்ணு." நூலகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு வாஷர்தானே. அதுக்காக மறுபடியும் பிரிக்கணுமா? பேசாம விட்டுடேன். இல்ல, வண்டியையே விட்டுடேன்."

"நான் போட்டதா ஞாபகம்" என்றாள் அக்கா. "ஆனா ஞாபகம் சாட்சிக்கு நிக்காது."

அத்தனையையும் மறுபடி பிரித்தாள். மூடி வந்தது. வளையத்தைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. ரப்பர் வளையம் ஒரு மூலையில் மடிந்து மூடிக்கும் பம்புக்கும் நடுவே கடிபட்டிருந்தது. ஓட விட்டிருந்தால் பத்தே நிமிஷத்தில் கிழிந்து ஊற்றியிருக்கும். நான்கு மணிக்கு, வெள்ளைத் தாளின் மேல், நாத்தனாரின் பொன்னான கண்களுக்கு எதிரில்.

"நல்லவேளைங்க, பிரிச்சோம்!"

நூலகருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் செய்த சதி அவருக்கே குழி பறித்துவிட்டு அக்காவைக் கைதூக்கி விட்டிருந்தது.

எதையும் இரண்டாக வாங்குவது அக்காவின் வழக்கம். இன்னொரு வளையம் இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டுச் சக்கரத்தின் போல்டைக் கழற்றினாள். வாஷர் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் துணியில் கிடப்பது எது?

எல்லாவற்றையும் எடுத்து மீண்டும் துணியில் அடுக்கி எண்ணினாள். பதினெட்டு. பின்னாலிருந்து முன்னால் எண்ணினாள். அப்போதும் பதினெட்டு.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. டைல்ஸ் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையும், நூலகரின் தங்கையான நாத்தனாரும் இறங்கினார்கள். வேனின் பின்னால் கிரீம் ஸ்கூட்டர் கயிறு கட்டி நின்றது. சூரியகாந்தி காற்றில் தலையாட்டியது.

"அக்கா, ஹால்ல வண்டியா? வண்டி ஷோரூம்ல சோபா நிக்கிற மாதிரி இருக்கு!" என்றார் மாப்பிள்ளை.

நாத்தனார் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினைத் தாண்டி வந்தாள். "என்ன அண்ணி, பிரசவம் இன்னும் ஆகலையா? மணி மூணு ஆச்சே. சுகப்பிரசவமா, கத்தி வெக்கணுமா?"

"கத்தியெல்லாம் வெச்சாச்சு. தாயும் சேயும் நலம். ஆனா ஒரு குழந்தை கூடுதலா வந்திருக்கு" என்றாள் அக்கா. குரலில் வழக்கமான காரம் இல்லை.

வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் சோபாவில் உட்கார்ந்தாள். பதினேழு எழுதியிருக்கிறது. பதினெட்டு இருக்கிறது. அப்படியானால் இது இன்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்து, அவளுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்திலிருந்து நழுவி விழுந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவள் டாக்டர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், பஞ்சைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், ஊசியைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் நின்று கூடவே எண்ணும் இரண்டாவது வாயை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஐயோ, பெண்ணின் பேதை நெஞ்சமே!

"என்னக்கா, ஒரு வாஷர்தானே? எங்க கடையில டைல்ஸ் போட்டு முடிச்சா பத்து மிஞ்சும். தூக்கிப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் மாப்பிள்ளை.

"உங்க டைல்ஸ் மணிக்கு எண்பது கிலோமீட்டர் போகாது தம்பி."

அவள் எழுந்தாள். சுவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். மூன்று வருஷமாக இடுப்பில் தொங்கிய சாவி. ஏரிக்கரைக் காற்று, பதினொரு நிமிஷம், எண்ணாத வாழ்க்கை எல்லாம் அந்த ஒரு வளையத்தில் கோத்திருந்தது. நூலகரின் கையை இழுத்து அதில் வைத்தாள்.

"எண்ணிக்கை சரியில்லாததை நான் மூட மாட்டேன். மூடாததை ஓட்ட மாட்டேன். நாலு மணிவரைக்கும் காத்திருக்க வேணாம். தம்பி, ஏத்திக்கங்க."

நாத்தனார் முகத்தில் சூரியகாந்தி மலர்ந்தது. "அப்பாடா! அண்ணி, ஸ்கூட்டர் கூடையில ரெண்டு கிலோ வெங்காயம் தாராளமா வெக்கலாம்."

அக்கா அழவில்லை. தரையிலிருந்த ஸ்பேனர்களைத் துடைத்துப் பெரியது முதல் சிறியதுவரை வரிசையாக அடுக்கினாள். துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்தாள். அதுதான் நூலகரைக் கொன்றது. அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். சாவியின் பல் அவர் உள்ளங்கையில் குத்தியது. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அது இன்ஜின்ல இருந்து விழலை" என்றார்.

யாருக்கும் காதில் விழவில்லை. முப்பது வருஷப் பழக்கம், மெதுவாகத்தான் சொன்னார்.

"அது இன்ஜின்ல இருந்து விழலை!" அந்த வீட்டில் அவர் எழுப்பிய முதல் சத்தம் அது. நாத்தனார் பின்வாங்கியதில் பேசினில் ஒரு காலை வைத்துவிட்டாள். "என் சைக்கிளோட மட்கார்டுல இருந்தது. நீ கை கழுவப் போனப்ப நான்தான் கழட்டிக் கொண்டாந்து போட்டேன்."

நாத்தனாரின் செருப்பிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்களா?" அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "ரெண்டாவது வாயா? இதுக்கு நீங்க இன்னொருத்தியோட போயிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்!"

"அண்ணன் போனாலும் யாரு ஏத்துக்குவா" என்றாள் நாத்தனார் காலை உதறியபடி.

"நீ சும்மா இரு!" நூலகர் மனைவியின் பக்கம் திரும்பினார். "எனக்கும் எண்ணத் தெரியும். ஆஸ்பத்திரியில இருந்து ஒம்பது நிமிஷம். நீ வர்றது இருபது நிமிஷம். எங்க போறேன்னு நான் கேட்டதில்ல. ஆனா அந்தப் பதினொரு நிமிஷமும் நான் வாசல்ல நிக்கிறேன். தினமும். மூணு வருஷமா. நீ விழுந்த நாள்லேர்ந்து அந்தப் பதினொரு நிமிஷம் பதினொரு மணி நேரமா இருக்கு."

அக்கா அவரையே பார்த்தாள். அவளுடைய யாருக்கும் தெரியாத அந்தப் பதினொரு நிமிஷத்தை, அவளுக்கே தெரியாமல், இன்னொருவர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கல்லும் கரையும் தருணம். அக்கா கல் இல்லை, ஆனால் கரையவும் இல்லை.

"மூணு வருஷமா நின்னுக்கிட்டா? வீட்டுல அஞ்சு நாற்காலி இருக்கே, ஒண்ணை எடுத்துப் போட்டு உக்காந்திருக்கலாமே!"

பிறகு சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"பதினேழு சாமான். ஒண்ணொண்ணா எடுத்துக் குடுங்க. வாயைத் திறந்து எண்ணுங்க. மணி மூணேகால்."

மூன்று ஐம்பதுக்குக் கடைசிப் போல்டு ஏறியது. பச்சைத்துணி வெறும் துணியாக இருந்தது. புதுப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் காற்றுக்குமிழ் அடங்கக் காத்திருந்தாள். வண்டியைப் பலகை வழியாக வாசலுக்கு இறக்கினார்கள். நூலகர் லைப்ரரிப் புத்தகங்களுக்கு அட்டை போட வைத்திருந்த வெள்ளைத் தாளை அடியில் விரித்தார். நான்கு மணிக்கு இன்ஜின் உறுமியது.

பத்து நிமிஷம், தாள் வெள்ளை. இருபது நிமிஷம், ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கியது, தாள் அப்போதும் வெள்ளை. நாத்தனார் ஒரு பக்கம் குந்தியிருந்தாள். மறுபக்கம் நூலகர் மண்டியிட்டுத் தாளுக்கு நேர்மேலே தலையை நீட்டி, கண் கொட்டாமல் காவல் காத்தார். இன்ஜின் சூடு அவர் முகத்தில் அடித்தது. இருபத்தெட்டாவது நிமிஷம் 'டொப்' என்று ஒரு சொட்டு விழுந்தது.

"ஒழுகுது! ஒழுகுது!" நாத்தனார் துள்ளி எழுந்தாள். "ஏங்க, கயித்தை அவுத்து விடுங்க! ஸ்கூட்டரை இறக்குங்க!"

அக்கா குனிந்து சொட்டைப் பார்த்தாள். பச்சை இல்லை. விரலால் தொட்டாள். வழுவழுப்பு இல்லை. முகர்ந்தாள். நிமிர்ந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியில் அடுத்த சொட்டு தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது பம்ப் இல்ல. உங்க அண்ணன் மூக்கு."

"சீல் போயிடுச்சு போல மச்சானுக்கு" என்றார் மாப்பிள்ளை. அன்று அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. நூலகர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். மீதி இரண்டு நிமிஷத்தை அக்காவும் அவரும் வாய்விட்டு, ஒரே குரலில், நொடி நொடியாக எண்ணினார்கள். நூற்றிருபது. தாளில் இருந்தது ஒரே ஒரு வியர்வைச் சொட்டு, அதுவும் காய்ந்துகொண்டிருந்தது.

வேன் கிரீம் ஸ்கூட்டரோடு திரும்பிப் போனது. திருப்பத்தில் சூரியகாந்தி ஒருமுறை தலையாட்டிவிட்டு மறைந்தது.

"அந்த வாஷரைக் குடு, சைக்கிள்ல மாட்டணும்" என்றார் நூலகர் மறுநாள் காலையில்.

"அது சாட்சிப் பொருள்" என்றாள் அக்கா. அது அவள் சாவிக்கொத்தில் ஏறிவிட்டிருந்தது.

நூலகர் வேறு வாஷர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஏனோ இன்றுவரை மாட்டவில்லை. அக்கா இப்போதும் ஏரிக்கரை வழியாகத்தான் வருகிறாள், இருபது நிமிஷம். வாசலில் ஒரு நாற்காலி இருக்கிறது. காலையில் நூலகர் சைக்கிளில் கிளம்பினால் மட்கார்டு 'கடகட கடகட' என்று தெரு முழுக்க அதிரும். அவர் லைப்ரரியை நெருங்கும்போது உள்ளே படித்துக்கொண்டிருப்பவர்கள் எரிச்சலோடு நிமிர்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்து "உஷ்ஷ்" என்கிறார்கள்.